ஒன்று, இரண்டு, நான்கு, மூன்று

குதாய்சியில் மழை விட்ட வியாழன் இரவு
சாவியைத் திருப்பினேன்.
எட்டு மாதம் துண்டு துண்டாகக் கிடந்த வோல்கா
இருமியது.
மறுபடி திருப்பினேன்.
கார்புரேட்டர் வாயில் ஒரு வெடி,
புகைக்குழாயில் இன்னொன்று.
கராஜ் பூனை கூரையேறிப் போயிற்று.

சனிக்கிழமை அண்ணன் மகள் தெயோனாவுக்குக் கல்யாணம்.
ரிப்பன் கட்டி தேவாலய வாசலில் நிற்பேன் என்று
ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

பெட்ரோல் வருகிறதா? வருகிறது.
பொறி? நீலமாக, கையைச் சுடும் அளவுக்கு.
பாயின்ட் இடைவெளி?
மூன்று தடவை வைத்து மூன்று தடவை கலைத்தேன்.

அப்புறம் செய்யக் கூடாததைச் செய்தேன்.
நோதாரைப் போனில் கூப்பிட்டேன்.
கிராங்க் தேய்த்துக் கொடுத்தவன்,
வால்வுகளை ஒவ்வொன்றாக உட்கார வைத்தவன்,
பாதிக் கூலிதான் வாங்கிக்கொண்டவன்.
"உன் வால்வு ஒழுகுது."
"அளந்து பார்த்தியா?"
"எனக்கென்ன காது இல்லையா?"
அதோடு விட்டிருக்கலாம்.
போன வருஷத்திலிருந்து நடுங்கும்
அவன் வலது கையைப் பற்றியும் சொன்னேன்.
அந்தப் பக்கம் லேத் சுற்றுவது
கொஞ்ச நேரம் கேட்டது.
பிறகு அதுவும் இல்லை.

அதற்கப்புறம்தான் அளந்தேன்.
முதல் சிலிண்டர் ஏழரை.
இரண்டாவது ஏழரை.
மூன்று, நான்கு, ஏழரை, ஏழரை.
இந்த எஞ்சினுக்கு ஏழரை என்றால் நல்ல காலம்.
சனி பிடித்திருந்தது என் நாக்கை.

பதினொன்றரைக்கு மேல்மாடி த்சியாலா
செருப்பும் கம்பளிச் சட்டையுமாக இறங்கி வந்தாள்,
வெடிச் சத்தத்துக்குச் சண்டை போட.
பல் மருத்துவமனையில் வேலை.
ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள்,
நோதார் விஷயத்தைத் தவிர. அதை நான் சொல்லவில்லை.
"வலிக்குதுன்னு காட்டுற பல்லுல
பாதி நேரம் ஒண்ணும் இருக்காது" என்றாள்.
எனக்குக் கோபம்தான் வந்தது.

ஆனால் அவள் பையில் பஞ்சுச் சுருள்கள் இருந்தன.
நான்கு பிளக்கையும் கழற்றி
நான்கு துளையிலும் பஞ்சு வைத்தேன்.
முன்னால் கைப்பிடியைச் செருகி
அவளையே சுற்றச் சொன்னேன்.

டப். ஒன்றாவது துளைப் பஞ்சு
என் தோளில் பட்டு விழுந்தது.
மூன்றாவதில் கண்ணை வைத்துக் காத்திருந்தேன்.
டப்.
இரண்டாவது.
"நிறுத்து," என்றேன். "இல்லை, சுற்று."
நான்கு.
கடைசியில்தான் மூன்று.

இருபது வருஷம் லாடா ஓட்டிய கை.
ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்று
என்னைக் கேட்காமலே கம்பிகளைச் செருகியிருக்கிறது.
கொஞ்சமும் நடுங்காத கை.
என் கை.

இரண்டு கம்பியை இடம் மாற்ற
எவ்வளவு நேரம் ஆகும்?
பிளக்குகளை முறுக்கினேன், சாவியைத் தொட்டேன்.
சட்டென்று பிடித்துக்கொண்டு
அடித்தொண்டையில், ஒரே சீராக,
தட்டில் வைத்த தேநீர்க் கோப்பை அதிராமல்
ஓடியது.
த்சியாலா கைதட்டவில்லை.
"இனி தூங்கலாமா?" என்று கேட்டுவிட்டு ஏறிப் போனாள்.
தரையில் கிடந்த பஞ்சைப் பொறுக்கினேன்.

காலையில் நோதார் பட்டறை முன்னால் நிறுத்தினேன்.
எஞ்சினை அணைக்கவில்லை.
அணைத்தால் நான்தான் பேச வேண்டியிருக்கும்.
வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிப் பார்த்திருந்தேன்,
எது முதல், எது அடுத்து.
எப்படி அடுக்கினாலும் வெடித்தது.

அவன் வெளியே வந்தான்.
என்னைப் பார்க்காமல் பானெட்டைத் தூக்கினான்.
விநியோகிப்பான் மூடியில் புதிதாகத் துடைத்த இரண்டு கம்பி,
மற்ற இரண்டில் பழைய தூசி.
அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஐடில் கொஞ்சம் அதிகம்," என்றான்.
பையிலிருந்து திருப்புளியை எடுத்து,
கார்புரேட்டர் பக்கம் குனியப் போனவன்,
நின்று,
பிடியை என் பக்கம் நீட்டினான்.
அதன் நுனி லேசாக ஆடிக்கொண்டிருந்தது.
வாங்கிக்கொண்டேன்.